ஏழரை எச்பி

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய தோட்டத்தைப் பற்றி விசாரித்தால், எத்தனை ஏக்கர் என்பது பின்னால்தான் வரும். எத்தனை எச்பி ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுவார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு கெணறுங்க. ஒண்ணுல ஏழரை, ஒண்ணுல அஞ்சு" என்று மாப்பிள்ளை வீட்டுச் சொத்தை விவரித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பெண் வீட்டார் யாரும் கேட்கவில்லை.

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே கிடக்கும் பூமி எங்களுடையது. மேலே சுண்ணாம்புக்கல் கலந்த செம்மண், ஆளுயரம் தோண்டினால் ஓடை மண், அதற்குக் கீழே கருங்கல். மழையும் குறைவு. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீரும் மண்டலம் மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் வரும். நான்கு மண்டலம் என்பதால் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடிவிடும். மிச்ச நாளெல்லாம் கிணறுதான். கிணறு என்றால் அதற்குள் ஒரு மோட்டார். அந்த மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் ஊர் செலவழித்த பணத்தையும் பேச்சையும் வைத்து இன்னொரு அணையே கட்டியிருக்கலாம்.

நான் பிழைத்ததும் மோட்டாரால்தான். கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். பெரிய தண்ணீர்த் தொட்டி, அதில் முழுகிக் கிடக்கும் பம்பு, வெளியே வரும் குழாயில் ஒரு வால்வு, ஒரு பிரஷர் மீட்டர், தண்ணீரை அளக்க ஒரு கருவி, கரண்ட்டை அளக்க ஒரு கருவி. வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருவோம். ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று குறித்துக் கோடு போட்டால், இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். அதிக உயரத்துக்குத் தூக்கச் சொன்னால் கொஞ்சம் தண்ணீர் தரும். உயரம் குறைந்தால் நிறையத் தரும். நடுவில் எங்கோ ஓர் இடத்தில்தான் அது தின்னும் மின்சாரத்துக்கு முழு நியாயம் செய்யும். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் விலக விலக நஷ்டம்தான்.

இந்த வேலையில் இருப்பவனைக் கல்யாண வீட்டில் விடமாட்டார்கள். "ஏனுங், எந்த மோட்டார் நல்ல மோட்டாருங்?" என்று பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள். கிணறு எத்தனை அடி, சித்திரையில் தண்ணீர் எங்கே நிற்கும், பைப் எத்தனை அங்குலம், எவ்வளவு தூரம் போகிறது, வாய்க்கால் பாய்ச்சலா சொட்டுநீரா என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டாவது கேள்வியிலேயே அவர்கள் கண் இலை போடும் பக்கம் போய்விடும். அவர்களுக்கு வேண்டியது ஒரு கம்பெனிப் பெயரும் ஒரு எண்ணும். அதை மட்டும் சொல்லத் தெரிந்தவனாக நான் இல்லாததால், ஊரில் என்னை விவரம் தெரியாதவன் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கிணறு மேலே 30 அடிக்கு 30 அடி. அப்பாரு காலத்தில் கவலை இறைத்த கிணறு. கமலை என்று மற்ற ஊர்களில் சொல்வதை நாங்கள் கவலை என்போம். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் நிறைந்து மேலே வரும்; பின்னால் தள்ளி ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். அப்பா சின்ன வயதில் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து கவலை ஓட்டியவர். கவலை ஓட்டிய தலைமுறைக்குக் கிணற்றைப் பற்றி ஒரு விஷயம் கையிலேயே தெரிந்திருந்தது: இறைக்கிற வேகமும் ஊறுகிற வேகமும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். மாடு களைத்து நின்றால் கிணற்றுக்கும் ஓய்வு. அந்தக் கணக்கைக் குலைத்தது ஆயில் இன்ஜின். எந்நேரம் வேண்டுமானாலும் களைக்காமல் இறைக்கும். டீசல் வாங்கக் காசு வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குக் கடிவாளமாக இருந்தது.

மின்சாரம் எங்கள் மாவட்டத்துக்குச் சீக்கிரமே வந்தது. 1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவையில் பஞ்சாலைகள் பெருகின, வார்ப்படப் பட்டறைகள் பெருகின, 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை வெளியே கொண்டுவந்தார்கள். பம்பு செய்யத் தேவையான வார்ப்படமும் கடைசலும் மோட்டாரும் ஒரே ஊரில் கூடியதால் கோவை பம்பு ஊராகியது. ஆனால் எங்கள் கிணற்றுக்குக் கம்பி வந்து சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில்தான். 5 எச்பி மோனோபிளாக். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து திண்டு கட்டி அதன்மேல் மோட்டாரை வைத்திருந்தார்கள்.

ஏன் மேலே வைக்கவில்லை என்று பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பாவைக் கேட்டேன். "இருவது, இருவத்திரெண்டு அடிக்கு மேல கெடந்தா அதால உறிய முடியாது சாமி" என்றார். காரணம் அவருக்குத் தெரியாது, அளவு தெரியும். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு எனக்குக் காரணம் கிடைத்தது. பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. அதற்குள் சுற்றும் இம்பெல்லர் தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே அதிலும் அரை மீட்டர் குறைவு. புட்வால்வில் கொஞ்சம், குழாய் உரசலில் கொஞ்சம், இம்பெல்லர் வாயில் கொஞ்சம் கழித்தால் கையில் மிஞ்சுவது ஆறரை மீட்டர். அதாவது அப்பா சொன்ன இருபது, இருபத்திரண்டு அடி.

தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்க வேண்டும். ஏறினால் மேலே தூக்க வேண்டும். வாய்க்காலில் மண்டலத் தண்ணீர் விட்டாலோ ஐப்பசி மழை வலுத்தாலோ கிணறு ஒரே ராத்திரியில் பத்தடி ஏறிவிடும். சங்கிலிக் கப்பியை மாட்டி, பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு, மழையில் நனைந்துகொண்டு தூக்குவார்கள். அப்பா படியில் இறங்கிக் கயிற்றைப் பிணைப்பார். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. முழுகிவிட்டால் காயில் போய்விடும். ரீவைண்டிங் கடைக்கு வண்டி கட்ட வேண்டும். அந்தப் பருவத்தில் எல்லார் மோட்டாரும் அங்கேதான் வரிசையில் கிடக்கும். மழை வந்தால் சந்தோஷப்படுவதா, கப்பியைத் தேடுவதா என்று அல்லாடிய காலம். நீர்மூழ்கி மோட்டார் எங்கள் ஊரில் இவ்வளவு சீக்கிரம் எடுபட்டதற்கு முதல் காரணம் இந்த ராத்திரிகள்தான் என்பது என் எண்ணம். திறன், தரம் எல்லாம் விற்பனைக்காரர்கள் பிற்பாடு சேர்த்த பேச்சு.

மின்கட்டணம் பற்றிப் பேசாமல் மோட்டார் கதை முடியாது. எழுபதுகளில் யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் ஏறியதற்கே எங்கள் பக்கம் கொந்தளித்தது. 1970ல் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டிவந்து தெருக்களை அடைத்தார்கள். எங்கள் வண்டியும் போனது. அந்தக் காலத்தில் மோட்டார் போடுகிறவன் கட்டணத்துக்குப் பயந்து அளவாகப் போட்டான். 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அந்தப் போராட்டங்களின் நியாயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். இலவச மின்சாரம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டிலேயே நிலத்தை விற்றிருப்பார்கள். ஆனால் சோதனைக்கூடத்திலிருந்து பார்த்தவனுக்கு இன்னொன்றும் தெரிந்தது. பில் வராத மோட்டாருக்குத் திறனைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு சதவீதம் திறன் கூட்ட நாங்கள் இம்பெல்லரின் உட்புறத்தை மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்போம், கடையில் வாங்குபவர், "காயில் கனமா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்துப் போவார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 320 வரும். மூன்று பேஸில் ஒன்று காணாமல் போகும். கண்டன்சர் மாட்டி இரண்டு பேஸிலேயே ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட கரண்ட்டில் கருகாமல் ஓடுவதுதான் அவருக்குத் தரம்.

பிறகு போர்வெல் வந்தது. 300 அடி, 600 அடி, ஆயிரம் அடி என்று துளை இறங்க இறங்கக் கிணறுகள் வறண்டன. மோட்டாரின் குதிரைத்திறனும் கூடவே ஏறியது. இணைப்புக்கு அனுமதி 5 எச்பி என்றால், 5 என்று தகடு அடித்து உள்ளே ஏழரைக்குச் சுற்றிக் கொடுக்கிற பட்டறைகளும் முளைத்தன. போரில் ஊற்று மெலிந்தவர்கள் கம்ப்ரசருக்குப் போனார்கள். துளைக்குள் ஒரு குழாயில் காற்றை அடித்து, காற்று கலந்து எடை குறைந்த தண்ணீரை மேலே பொங்க வைக்கும் முறை. தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வீண். எங்கள் சோதனைக்கூடத்தில் கம்ப்ரசர் என்றாலே சிரிப்போம். அப்பா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "மண்ணு வந்தாலும் அதுக்குக் கேடில்ல. தண்ணி நின்னாலும் கேடில்ல. கீழ மாட்டிக்க ஒண்ணுமே இல்ல. அரை இஞ்சுத் தண்ணிக்கு அதுதான்டா செரி" என்பார். கால் அங்குலம், அரை அங்குலம் என்று ஊறுகிற துளையில் வேறு எந்தப் பம்பு நிலைக்கும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் உருப்படியான பதில் இருந்ததில்லை.

இவ்வளவையும் சொல்வது 2017க்கு வருவதற்காக. முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை முழுக்கப் பொய்த்தது. அந்தக் கோடையில் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரங்கள் மட்டை தொங்கி, குருத்து சாய்ந்து, கொண்டை முறிந்து விழுந்தன. லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றியவர்கள் உண்டு. எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னை. 25 அடிக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு 70 மரம்; மொத்தம் 210. கிணற்றில் இருந்த பழைய மோட்டார் அந்தப் பங்குனியில் இறந்தது. அதை ரீவைண்டிங் செய்து செய்து அலுத்துப்போன பட்டறைக்காரர் இந்த முறை, "இதுக்கு மேல காசு போடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா மகன் அண்ணன் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். பக்கத்துத் தோட்டம் அவருடையது. "சித்தப்பா, யோசனையே பண்ணாதீங்க. ஏழரை ஓபன்வெல் இறக்கிருங்க. நான் போட்டிருக்கறதுதான். பட்டனத் தட்டுனா மூணு இஞ்சு பைப்பு நெறஞ்சு கொட்டுது." ஓபன்வெல் என்றால் திறந்த கிணற்றுக்குள் முழுகிக் கிடக்கும் நீர்மூழ்கி மோட்டார். கடைக்காரர் போனில் பத்து எச்பி என்றார். இன்னொரு உறவினர் ஆயிரத்திருநூறு அடிக்குப் புதிதாகப் போர் போடச் சொன்னார். நீரோட்டம் பார்க்கத் தேங்காயோடு ஓர் ஆளையும் கூட்டிவருவதாகச் சொன்னார். நான் சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.

போனதும் கடைக்குக் கிளம்பலாம் என்று அண்ணன் வண்டியை எடுத்தார். நான் அப்பாவிடம் கயிறும் கல்லும் கேட்டேன்.

அப்பா சிரித்தார். அவர் ஏற்கெனவே அளந்துகொண்டிருந்தார். நாள்காட்டியின் பின்பக்கத் தாளில் பென்சிலால், அடி அங்குலத்தில். கிணற்றின் அடிப்பகுதி மேலே இருப்பதுபோல் அகலமில்லை. கடைசி ஆழத்தைப் பாறையில் வெடி வைத்து இறக்கியதால் 16 அடிக்கு 16 அடிதான். அதில் ஓர் அடித் தண்ணீர் என்றால் 256 கன அடி. ஏழாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எண்பத்திரண்டாவது அடியில் தண்ணீர் நின்றது. கடைசி முறை முழுக்க இறைத்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு நிறுத்தி, காலை ஆறு மணிக்கு அவர் கல்லை விட்டுப் பார்த்தபோது ஒன்றேமுக்கால் அடி ஏறியிருந்தது. பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 12,700 லிட்டர். ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டால் 30,000. மேற்கு மூலை ஊற்றுதான் உயிரோடு இருக்கிறது, கிழக்கே பக்கவாட்டில் போட்ட துளையிலிருந்து வருவது வெறும் கசிவு என்றும் சொன்னார். இதை அளக்க எந்தக் கருவியும் எங்கள் சோதனைக்கூடத்தில் கிடையாது.

மரத்துக்கு என்ன வேண்டும்? வட்டப்பாத்தியில் நிறைத்துவிட்டால் எவ்வளவு விட்டாலும் போதாது. சொட்டுநீர் என்றால் கோடையில் ஒரு தென்னைக்கு நாளைக்கு 80 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். 210 மரத்துக்கு 16,800 லிட்டர். கிணறு 30,000 தருகிறது. மரம் 17,000 கேட்கிறது. இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்ததும் போர் போடும் பேச்சு அடங்கிவிட்டது. பஞ்சத்திலும் எங்கள் மரத்துக்குப் போதுமான தண்ணீர் அந்தக் கிணற்றுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. அதை ஒரே மூச்சில் உறிஞ்சப் பார்ப்பதுதான் வம்பு.

அண்ணனுடைய ஏழரை நொடிக்கு ஆறு லிட்டர் கொட்டும் என்று வைத்தால், மணிக்கு 21,600 லிட்டர். எங்கள் கிணற்றில் அதைப் போட்டால் நாலடித் தண்ணீரை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுக் காற்று வாங்க ஆரம்பிக்கும். நீர்மூழ்கி மோட்டாருக்குள் இருக்கும் புஷ்ஷுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். காய்ந்து ஓடினால் தேய்ந்துவிடும், தேய்ந்தால் ரோட்டர் ஒதுங்கி உரசும், உரசினால் காயில். ரீவைண்டிங்காரர் ஒருநாள் சொன்னார்: "ஏழரை எறக்குனவங்கதானுங் எனக்குச் சோறு போடறாங்க. சனி புடிச்ச மாதிரி வருசா வருசம் வருவாங்க."

எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பது அடுத்த கணக்கு. தண்ணீர் மட்டம் 25 மீட்டர் கீழே. கிணற்று மேட்டிலிருந்து தோட்டத்தின் மேல்கோடி 4 மீட்டர் ஏற்றம். வடிகட்டியைத் தாண்டிச் சொட்டுவான் வரைக்கும் 2 கிலோ அழுத்தம் வேண்டும். அது 20 மீட்டர் உயரத்துக்குச் சமம். மீதி, குழாய் உரசல். இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சத்தனம் காட்டுவார்கள். மோட்டாருக்கு அள்ளி இறைத்துவிட்டுப் பைப்பில் மிச்சம் பிடிப்பார்கள். அதே தண்ணீரை இரண்டங்குலக் குழாயில் விடுவதற்குப் பதில் இரண்டரை அங்குலத்தில் விட்டால் உரசல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இரண்டரை போட்டால் மூன்று மீட்டரில் முடிந்துவிடும். மொத்தம் 52 மீட்டர். நொடிக்கு 2 லிட்டர் வந்தால் மணிக்கு 7,200. இரண்டரை மணி நேரத்துக்குள் நாளின் தேவை தீர்ந்துவிடும். பம்பின் திறன் பாதிக்குப் பாதி என்று வைத்தாலும் அதற்கு வேண்டியது இரண்டேமுக்கால் எச்பி.

"மூணு போதுங்ப்பா" என்றேன்.

அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. மூன்று ஏக்கருக்கு மூன்று எச்பியா, வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதா என்று கேட்டார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. "த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு ஆருக்குத் தெரியும்? இருக்கற நேரத்துல எடுத்துறோணும்." உண்மைதான். பகலில் ஆறு மணி நேரம், ராத்திரியில் மூன்று மணி நேரம் என்று முறை வைத்துக் கொடுத்த காலத்தில் ஊரே பெரிய மோட்டாருக்குத் தாவியது பயத்தில்தான். வெறும் பெருமைக்காக இல்லை. ஆனால் எல்லாரும் பெரிதாகப் போட்டதால் கரண்ட் வந்த நிமிஷத்தில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, டிரான்ஸ்பார்மர் திணறி, வோல்டேஜ் விழுந்து, மறுபடியும் காயில் கருகியது. அப்பா இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "கெணறு குடுக்கறதுதான் வரும்டா. ஏழரை போட்டா மட்டும் ஊத்து பெருகுமா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடையில் இன்னொரு கூத்து. 3 எச்பி ஓபன்வெல் கேட்டதும் கடைக்காரர், "ஹெட் அதிகமா இருக்கறதா எடுத்துக்குங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்று 80 மீட்டருக்கான ஒன்றைக் காட்டினார். அதிக உயரத்துக்கு வடிவமைத்த பம்பு தரும் தண்ணீர் கொஞ்சம். எங்களுக்கு 52 மீட்டர்தான். அதில் ஓட்டினால் அது தன் வளைகோட்டின் வலது ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, திறன் போய், மோட்டாருக்கும் சுமை ஏறும். எதுக்கும் இருக்கட்டும் என்பது குடைக்குச் சரி, பம்புக்குச் சரிவராது. தகட்டைத் துடைத்துப் படித்தேன். ஐ.எஸ். 14220 முத்திரை, உயர எல்லை, எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆம்பியர் என்று அதில் இருந்தது. எல்லையின் நடுவில் 50 மீட்டர் விழுகிற ஒன்றை எடுத்தோம். எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு இன்றும் நான் சொல்வதில்லை. அதே அளவில் கோவையில் நல்ல பம்பு செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் தானே நிறுத்திக்கொள்ளும் கருவி வைத்த ஸ்டார்ட்டருக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்தேன். சொட்டுநீருக்கு மானியம் கிடைத்தது; சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. அதற்கான தாள்களைச் சேர்க்க அலைந்தது தனிக் கதை, அது இங்கே வேண்டாம்.

மோட்டார் ஓடத் தொடங்கிய முதல் வாரம் அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து, மம்பட்டியால் மடை திருப்பி, கால் நனைந்து பழகியவருக்கு, கறுப்புக் குழாயும் மரத்தடியில் ஈரமான ஒரு வட்டமும் பாசனமாகவே படவில்லை. மரத்துக்கு மரம் போய்ச் சொட்டுவானைத் தூக்கிப் பார்ப்பார். பத்துப் பதினைந்து மரங்களை அந்தக் கோடை எடுத்துக்கொண்டது. மோட்டார் மாறுவதற்கு முன்பே குருத்துக் காய்ந்துபோனவை அவை. மற்றவை நின்றன.

அடுத்து வந்த மழைக் காலங்களில் கிணறு ஏறியது. அப்போதுதான் இந்தப் பம்பின் மறுபக்கம் அப்பாவுக்குப் பிரச்சினையானது. தண்ணீர் 25 அடியில் நிற்கும்போது தூக்கவேண்டிய உயரம் 17, 18 மீட்டர் குறைந்துவிடுகிறது. பம்பு தாராளமாகத் தண்ணீர் தர ஆரம்பித்து, ஆம்பியர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். கேட் வால்வைக் கொஞ்சம் மூடச் சொன்னேன். "வர்ற தண்ணிய எதுக்குடா மறிக்கறே?" என்றார். இலவசமாக வருவதை மறிப்பது அவருக்குப் பாவம். சோதனைக்கூடத்தில் செய்வதையே செய்து காட்டினேன். வால்வை மூட மூட முள் இறங்கியது. வால்வை மூடினால் மோட்டார் திணறும் என்றுதான் யாருமே நினைப்பார்கள். இந்த வகைப் பம்பில் நேர்மாறு, தண்ணீர் குறையக் குறையச் சுமையும் குறையும். அப்பா தானே ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு வீட்டிலிருந்து நகச்சாயம் எடுத்துவந்து வால்வின் தண்டில் இரண்டு புள்ளி வைத்தார்: ஒன்று சித்திரைக்கு, ஒன்று கார்த்திகைக்கு. மருமகளின் நகச்சாயம் அது. அதற்கு அவள் சொன்னதை எழுத முடியாது.

அண்ணன் ஏழரையைக் கழற்றவில்லை. ஸ்டார்ட்டரில் டைமர் மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டி, மூன்று மணி நேரம் நிறுத்தி, மறுபடி ஓட்டுகிறார். மேட்டில் தரைத்தொட்டி கட்டி அதில் நிரப்பிக்கொள்கிறார். கரண்ட் பயத்துக்கு அது ஒரு விடைதான். தொட்டிக்குச் செலவான பணத்தை மட்டும் அவர் மோட்டார் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது அவருடைய மகன் சோலார் பம்புக்கு மனுக் கொடுத்திருக்கிறான். எங்களுக்கும் போடலாம் என்கிறான். அதில் இதுவரை போட்ட கணக்கெல்லாம் மறுபடி மாறும். வெயிலுக்குத் தக்கபடி மோட்டாரின் வேகம் ஏறி இறங்கும். வேகம் பத்தில் ஏழாக விழுந்தால், தூக்கும் உயரம் பாதியாகிவிடும். காலை எட்டு மணி வெயிலில் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். 52 மீட்டருக்கு ஒரு சொட்டும் வராது. அதனால் அதற்கு இன்னும் மேலே தூக்கக்கூடிய பம்பாக எடுக்க வேண்டும், அல்லது சொட்டுநீரை நேராக இணைக்காமல் அண்ணனைப்போல் தொட்டியில் ஏற்ற வேண்டும். மூன்று எச்பியா ஐந்தா என்று பையன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். பங்குனி கடைசியில் ஊருக்கு வருகிறேன், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே, கயிற்றையும் கல்லையும் தாத்தாவிடம் கேட்டு வாங்கி ஒரு வாரம் அளந்து வை என்று பதில் போட்டிருக்கிறேன்.